கிரைமா, குடும்பமா?

அந்தக் கிளை நூலகரைத் தெருவே 'கடைசிப் பக்கம்' என்றுதான் கூப்பிடும். பட்டம் கொடுத்த புண்ணியவதி அவர் மனைவி. புது நாவல் வந்தால் மனிதர் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிப்பார். கைவிலங்கு வந்தால் கிரைம், கல்யாணம் வந்தால் குடும்பம். புத்தகத்தின் முதுகில் சீட்டை ஒட்டி அலமாரியில் ஏற்றிவிடுவார். எல்லாவற்றையும் முழுசாகப் படிக்க ஆயுசு போதாது என்பது அவர் கட்சி. அதுவும் நியாயம்தான்.

பக்கத்துத் தெருத் தையல்காரி எழுதிய நாவலுக்கும் அதே வைத்தியம்தான். முடிவில் கல்யாணம். 'குடும்பம்' என்று ஒட்டினார்.

அவள் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"அண்ணே, அந்தக் கல்யாணம் யாருக்குன்னு பாத்தீங்களா? என் தங்கச்சிய மாடியிலேருந்து தள்ளிவிட்டவனுக்கு. கால் வழுக்கிடுச்சு, இது குடும்ப விஷயம்னு எல்லாருமா மூடிட்டாங்க. நீங்களும் குடும்பத்துலயே வெச்சிட்டீங்களே."

அவர் அன்றைக்கே நாவலை முதல் பக்கத்திலிருந்து படித்தார். காலையில் சீட்டை மாற்ற அனுமதி கேட்டுத் தலைமை நூலகத்துக்குப் போன் போட்டார்.

"கதையில போலீஸ் வருதா?" என்றார் மேலதிகாரி.

"வருதுங்க. டீ குடிச்சிட்டுப் போயிடுது."

"கேஸ் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படிங்க அது கிரைம்?"

மேலிடத்தை எதிர்த்து ஒரு தும்மல்கூடப் போட்டறியாத மனிதர். ஆனாலும் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு 'கிரைம்' என்று ஒட்டினார். அடுத்த வாரம் தையல்காரி வந்து பார்த்தாள். அந்தச் சீட்டை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் அலமாரி முன்னால் நின்றாள். அவருக்கும் மனசு நிறைந்தது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அவள் அங்கே இருக்கும்போதே, கிரைம் அலமாரியைக் கரைத்துக் குடித்த பெரியவர் ஒருவர் அந்த நாவலைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். எழுதியவள் பக்கத்தில் நிற்பது அவருக்கு எங்கே தெரியும்?

"என்ன சார் இது? கொன்னவன் யாருன்னு மொத பக்கத்துலயே தெரியுது. கடைசி வரைக்கும் ஒருத்தனும் அவனப் புடிக்கல. இதெல்லாம் கிரைமா? மாத்தி வைங்க."

நூலகர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தையல்காரியைப் பார்த்தார்.

"விடுங்கண்ணே," என்றாள் அவள். "ஸ்டேஷன்லயும் இதத்தான் சொன்னாங்க."