தாலிக்கு முந்தைய மனைவி

இன்று காலை இங்கே சிட்னியில், அரசாங்க உதவிப்பண அலுவலகத்தில் கைக்குழந்தையோடு நின்றேன். கணவருக்கு வேலை போய்விட்டது. வீட்டில் பால்மா நாளைவரைகூட வராது.

கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் கலியாணம் முடித்ததாகச் சொல்லும் வருடத்தில், உங்கள் கணவர் தனக்கு மனைவி இல்லை என்று வரிக்கணக்குக் கொடுத்திருக்கிறார். அதைத் திருத்தும்வரை பணம் வராது."

வெளியே வந்து, ரயிலடியில் நின்று அவரைப் போனில் அழைத்தேன்.

"ஏனப்பா அப்பிடிக் குடுத்தனீங்கள்?"

"அப்ப யாழ்ப்பாணத்தில பதிவாளருக்கு முன்னால கலியாண எழுத்து மட்டும்தானே முடிஞ்சது. நீர் இஞ்ச வந்தாப் பிறகுதானே ஹெலன்ஸ்பர்க் கோயில்ல தாலி கட்டினனான். அதுக்கு முதல் கட்டினவன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அந்த எழுத்தைக் காட்டித்தானே எனக்கு விசா எடுத்தனீங்கள்?"

"ஓம். அது விசாவுக்கு."

அதற்குமேல் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. குழந்தை அழத் தொடங்கிவிட்டது.

திருத்தம் முடியப் பல கிழமைகள் ஆகுமாம். எழுத்து முடித்துவிட்டுத் தாலிக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கச்சிமாரே, வரிக்கணக்கில் நீங்கள் யார் என்று உங்கள் அவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

மற்றவர்களிடம் ஒரு கேள்வி. சிட்னியில் தாலியை அடகு வைக்கக்கூடிய கடை எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.