ஓட்டைக்காரி

மழை விட்டும் விடாததுமாக வேலை முடிந்து வருகிற பெண்களிடம் அவள் நலம் விசாரிப்பதில்லை. நேராகப் பின்கழுத்து வழியாக மழைக்கோட்டுக்குள் கையை விடுகிறாள். முதுகில் இரண்டு தடவு, இடுப்பருகே ஒரு தடவு. கையை வெளியே எடுத்து விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்க்கிறாள். "ஈரம் இருக்கு, ஆனா ஓடல. சரி, போ." அடுத்த ஆள் வர வேண்டும். கூச்சக்காரிகள் நெளிவார்கள்.

"அக்கா, உங்க கை என்ன இப்படிச் சில்லுனு இருக்கு!"

"என் கை சில்லுனு இல்லடி. உன் முதுகு கொதிக்குது. ஆடாம நில்லு."

நகரசபையின் துப்புரவுக் கிடங்கில், லாரிக் கொட்டகைக்குப் பின்னால், தகரக்கூரை போட்ட ஒற்றை அறை அவளுடையது. கிழிந்த சீருடை, அறுந்த பொத்தான், பல் போன ஜிப்பு எல்லாம் அங்கேதான் வந்து சேரும். இரண்டு தையல் எந்திரங்கள். ஒன்று ஓடும், மற்றது உதிரிப் பாகம் கொடுக்கும். மழைத்துணியில் குண்டூசி குத்தக் கூடாது. குத்தின இடம் ஆறாது, அதன் வழியாகத் தண்ணீர் வரும். ஆகவே துணி உலர்த்தும் கிளிப்புகளால் பிடித்துக்கொண்டு தைப்பாள். வேலை மும்முரத்தில் அந்தக் கிளிப்புகளைச் சட்டையின் மார்பில் வரிசையாக மாட்டிக்கொள்வதால், தூரத்தில் பார்க்கிறவர்களுக்குப் பதக்கம் குவித்த தளபதி மாதிரி தெரிவாள். நடையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ஓட்டைக்காரி. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அது அவள் காதில் விழுந்த மறுநாள், அறைக்கதவில் சுண்ணாம்புக் கட்டியால் அதையே கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சொல்பவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஐம்பத்திரண்டு வயது. பேருந்தில் போனால் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்க்க மாட்டாள், தையலைப் பார்ப்பாள். "உங்க கோட்டு அக்குள்ல இன்னும் ரெண்டு மழைதான் தாங்கும்" என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்லி, அவர் திகைத்து விழிக்கும்போதே இறங்கிப் போய்விடுவாள். வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பரம சாது. பேச்சுத் துறையை மொத்தமாக மனைவியிடம் ஒப்படைத்துவிட்ட மனிதர்.

இவ்வளவுக்கும் காரணம் அவளுடைய தங்கச்சி. அதே கிடங்கில் துப்புரவு வேலை, குப்பைவண்டி தள்ளுகிறவள். மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலை, மேட்டுத் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் பாதி மேட்டில் கால் மடங்கி விழுந்துவிட்டாள். கூட இருந்தவர்கள் தூக்கி வந்து தையல் அறையின் வெட்டுமேசையில் கிடத்தினார்கள். அக்கா ஓடிவந்து கோட்டின் பொத்தான்களைப் பிடுங்காத குறையாகக் கழற்றினாள். உள்ளிருந்து, மூடித் திறந்த சோற்றுப் பானையிலிருந்து வருவது மாதிரி ஆவி வந்தது. சட்டை பிழிகிற ஈரம். கோட்டின் கையைத் தலைகீழாகப் பிடித்ததும் தண்ணீர் கொட்டியது.

தங்கச்சி கண் விழித்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகு, மேற்பார்வையாளர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். 'காலையில் உண்ணாமல் வந்ததால் மயக்கம்' என்று எழுதியாகிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"நான் வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுத்தானே வந்தேன்?" என்றாள் தங்கச்சி, படுத்தபடியே.

அக்காவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கோட்டை வாரி எடுத்துக்கொண்டு நேராகக் கிடங்கு அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் மேசையில் வைத்து, கோட்டின் உள்பக்கத்தில் ஒரு விரலை ஓட்டி, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு சார். மழைத் தண்ணியில உப்பு இருக்குமா?"

அதிகாரி கெட்டவர் அல்ல. சட்டத்துக்கு வெளியே காலடி வைக்கப் பயப்படுகிறவர், அவ்வளவுதான். "மழைக்கோட்டுன்னா மழையத் தடுக்கணும்மா. தடுக்குது. வேர்வைக்கெல்லாம் கோட்டு எப்படிப் பொறுப்பாகும்?"

"அடுப்புக்குப் புகைபோக்கி வெக்கறீங்க. லாரிக்கு வெக்கறீங்க. ஆளுக்கு வெக்க மாட்டீங்களா?"

"கோட்ட ஓட்டை போடச் சொல்றியா? மழைக்கோட்டுல ஓட்டையா!" அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற எழுத்தர் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார். மேற்பார்வையாளரின் பதிவைக்கூட மறந்திருப்பாள். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

கழித்துப் போட்ட கோட்டு ஒன்றை எடுத்து அன்றைக்கே ஆரம்பித்தாள். அக்குளில் நாலு துளை, துளைக்கு வலை. குப்பைவண்டி தள்ளும்போது நன்றாக இருந்தது. தொட்டியைத் தூக்கக் கையை உயர்த்தியதும், கைவழியே ஓடிவந்த மழைநீர் நேராக விலாவில் இறங்கியது. "அக்கா, இது கோட்டா சல்லடையா?" என்றாள் தங்கச்சி. அடுத்ததில் முதுகின் குறுக்கே நீளமாகக் கிழித்து, மேலே ஒரு மூடுதுணி தொங்கவிட்டாள். காற்றடித்தபோது மூடுதுணி தூக்கிக்கொள்ள, தங்கச்சி இடுப்பு வரை நனைந்து வந்தாள். மூடுதுணியை நீட்டினாள். ஓரங்களில் தையல் போட்டு அடக்கினாள். உள்ளே வலை வைத்தாள். தண்ணீர் வரவில்லை. காற்றும் வரவில்லை.

சோதனைச் சாலை லாரிக் கொட்டகைதான். கோட்டுக்குள் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு அவள் நடுவில் நிற்பாள். வீட்டுக்காரர் லாரியின் குழாயைத் தூக்கிப் பிடிப்பார். ஊரே குடை பிடித்து ஒதுங்கும் மழை நாளிலும் கொட்டகைக்குள் தனி மழை பெய்யும். முடிந்ததும் செய்தித்தாளைப் பிரித்து, எந்தப் பத்தி நனைந்திருக்கிறது, எந்தப் பத்தி காய்ந்திருக்கிறது என்று இருவரும் தரையில் குந்திப் பார்ப்பார்கள்.

"இன்னும் கொஞ்சம் வேகமா அடிங்க."

"கட்டின பொண்டாட்டிய நானே தண்ணி அடிச்சுத் தள்ளறேன்னு ஊர்ல பேசறாங்கடி."

"பேசட்டும். நீங்க அடிங்க."

விடை தங்கச்சியின் வாயிலிருந்து வந்தது. ஒருநாள் கோட்டைக் கழற்றும்போது போகிறபோக்கில் சொன்னாள்: "குனிஞ்சா ஜில்லுனு காத்து வருதுக்கா. நிமிந்தா நின்னுடுது."

அவள் கையிலிருந்த கிளிப்பு கீழே விழுந்தது. குனியும்போது துணி முதுகை விட்டு விலகுகிறது. நிமிர்ந்தால் வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டின துணிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று எப்படி நடக்கும்? இத்தனை மாதமும் கதவு மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள், நடைவழி விடவில்லை. கொட்டகை மூலையில் கிடந்த தேய்ந்த ரப்பர் செருப்புகளை எடுத்துக் கழுவினாள். விரல் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாக அறுத்தாள். அவற்றை வலைத்துணிக்குள் பொதிந்து, தோள்பட்டையிலிருந்து நடுமுதுகு வரை, கோட்டின் உள்பக்கம் நான்கு வரிசை வைத்துத் தைத்தாள். தையல் ஓடின இடத்தையெல்லாம் ஒட்டுப்பட்டை வைத்து, இஸ்திரிப் பெட்டியால் சூடாகத் தேய்த்து அடைத்தாள். கீழே முழங்கால் பக்கம் இரண்டு பிளவு, காற்று நுழைய. மேலே மூடுதுணிக்கு அடியில் ஒரு நீள வாய், அது வெளியேற.

அன்று மேட்டுத் தெருவை ஏறி இறங்கி வந்த தங்கச்சியின் முதுகில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாததைப் பார்த்து வீட்டுக்காரர்தான் பயந்துபோனார்.

யாரையும் கேட்கவில்லை. தங்கச்சியின் குழுவில் இருந்த பதினோரு பேரின் கோட்டுகளையும் பட்டப்பகலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டித் தைத்தாள். நான்காம் நாள் குறிப்பாணை வந்தது. அரசு உடைமையைச் சேதப்படுத்தியது ஏன் என்று விளக்கம் தர வேண்டுமாம். அவள் பதில் ஒரே வரி: 'சேதப்படுத்தவில்லை, மூச்சு விட வைத்திருக்கிறேன்.' விளக்கம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

போதாதா? மறுநாள் மழையில் பழைய கோட்டுப் போட்டுப் போன இன்னொரு குழுவின் பெண்கள் திரும்பி வந்ததும், அவர்கள் கோட்டுகளைக் கவிழ்த்து, உள்ளே தேங்கியிருந்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்தாள். முக்கால் புட்டி நிறைந்தது. மூடி போட்டு, 'இணைப்பு ஒன்று' என்று காகிதம் ஒட்டி, விளக்கக் கடிதத்தோடு சேர்த்துத் தபால் பிரிவில் கொடுத்தாள். புட்டிக்கு எண் போடுவதா கூடாதா என்று அங்கே ஒரு பகல் முழுக்க வாக்குவாதம். கடைசியில் போட்டார்கள். எண் போட்ட பிறகு அதைத் தூக்கி எறிய முடியாது. கோப்போடு மேசை மேசையாகப் போயிற்று புட்டி. போகிற இடமெல்லாம் நாற்றம். சிரித்தாரே அந்த எழுத்தர், அவர் மேசையில் மட்டும் எட்டு நாள் இருந்தது.

இதற்கிடையில் பதினோரு கோட்டுகளையும் பறிமுதல் செய்ய மேற்பார்வையாளர் வந்தார். நல்ல மழை. பெண்கள் கிடங்கு முற்றத்தில் வரிசையாக நின்றார்கள்.

"கழட்டிக் குடுங்க."

"நீங்களே கழட்டிக்கங்க சார்" என்றாள் தங்கச்சி. கைகளைக் கட்டிக்கொண்டாள். மற்ற பத்துப் பேரும் கட்டிக்கொண்டார்கள். அவர் ஒருமுறை வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். திரும்பியும் நடந்தார். குடையோடு உள்ளே போய்விட்டார்.

புட்டி கடைசியாக நகரசபைப் பொறியாளரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் மூடியைத் திறந்து முகர்ந்தாராம். உடனே மூடிவிட்டு, கோப்பில் இரண்டு வரி எழுதினாராம். அடுத்த கொள்முதலில் காற்றுவழியுள்ள கோட்டுதான் வாங்க வேண்டும். மாதிரியைத் தையல்காரர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஏற்க வேண்டும். குறிப்பாணை மட்டும் இன்றுவரை ரத்தாகவில்லை. "கெடக்கட்டும். என் பேர்ல கவருமெண்டு எழுதின ஒரே கடுதாசி அதுதான்" என்கிறாள்.

இந்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் மாதிரிக் கோட்டு வந்தது. கொண்டுவந்தவர் கோட்டு செய்யும் நிறுவனத்தின் பிரதிநிதி. கஞ்சி போட்ட சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. அதிகாரி ஏற்புப் படிவத்தையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ கேட்ட மாதிரியே வந்திருக்கு பாரு. போடு கையெழுத்த."

கோட்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது. மினுமினுப்பான துணி, முதுகில் அகலமான மூடுதுணி, அதன் ஓரத்தில் ஒளிரும் பட்டை. அவள் மூடுதுணியைத் தூக்கினாள். அடியில் வாய் இல்லை. முழுத் துணி. கோட்டைப் புரட்டி உள்பக்கம் தடவினாள். தோளில் இரண்டு மெல்லிய பட்டைகள், காகிதம் மாதிரி.

"காத்து எது வழியா வரும்?"

"வென்டிலேஷன் இதுதான் மேடம். இந்த ஃப்ளாப்."

"கதவு இருக்கு. வாசலக் காணமே?"

பிரதிநிதி அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "ஓப்பனா விட்டா லீக் ஆகிடும்னு ஃபேக்டரில க்ளோஸ் பண்ணிட்டாங்க மேடம். வெளிய இருந்து பாத்தா வித்தியாசமே தெரியாது. ஆயிரம் பீஸ் ரெடி. நீங்க ஒரு கையெழுத்து..."

"உள்ள இருந்து பாத்தா?"

"உள்ள இருந்து யாரு மேடம் பாக்கப் போறாங்க?"

அதிகாரி தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்தது. மழைக்கு முந்தைய புழுக்கம். அவள் கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் அருகில் போனாள்.

"போட்டுக் காட்டுங்க தம்பி. ஆள் போட்டாத்தானே அளவு தெரியும்."

அவர் உற்சாகமாகக் கைகளை நுழைத்தார். அவள் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தாள். கழுத்துப் பொத்தானையும் போட்டாள். தலைமூடியை இழுத்து நெற்றி வரை விட்டு, நாடாவைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தாள்.

"எவ்வளவு நேரம் மேடம்?"

"ஒரு தெரு கூட்டற நேரம்தான். அவங்க வண்டியும் தள்ளுவாங்க, நீங்க சும்மா உக்காருங்க."

எதிரே இன்னொரு நாற்காலியில் தானும் உட்கார்ந்தாள். படிவத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல் எழுந்து, சுவரோரம் போய், மின்விசிறியை நிறுத்தினாள்.