தேக்கு நாற்காலி யாருக்கு?

உங்கள் வீட்டில் ஒருத்திக்கு மனசு சரியில்லை என்றால், அவளைப் பற்றி எத்தனை பேரிடம் விசாரிப்பீர்கள்? ஜோசியரிடம், பூசாரியிடம், பக்கத்து வீட்டில், தெருமுனை மருந்துக்கடையில். அவளிடம்?

கோரிமேட்டில் ஆதிலட்சுமியின் மனநல ஆலோசனை அறைக்கு வருகிறவர்களும் இப்படித்தான் வருகிறார்கள். அங்கே இருப்பது ஒரு தேக்கு நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். நாற்காலி, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஒரு பழைய சிப்பாய், ஊர்ப்பேச்சில் சொல்தா, தன் மகள் தேறிய மகிழ்ச்சியில் கொடுத்தது. குடும்பத்தில் யார் பெரிய ஆளோ அவர் கேட்காமலே அதில் அமர்ந்துவிடுவார். நோயாளி சுவரோரம் நிற்பார். ஆதிலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்து, நாற்காலிக்காரரைப் பார்த்து, "சொல்லுங்க, உங்களுக்கு எத்தினி நாளா தூக்கம் இல்ல?" என்பார். அந்த நாற்காலி நோயாளிக்கு உரியது. அதை அவர் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஐம்பது வயது, முட்டிவலி. ஸ்டூலிலிருந்து எழும்போதெல்லாம் முட்டியைத் திட்டுவார். ஆஸ்பத்திரி நிர்வாகம் அனுப்பிய மேசையை வாசலோடு திருப்பிவிட்டார். "மேஜ போட்டா தாசில்தார் ஆபீசு ஆயிடும். அழ வர்றவங்க மனு குடுத்துட்டுப் பூடுவாங்க."

குறிப்பு எழுதியதும் உரக்கப் படித்துக் காட்டிப் பென்சிலை நீட்டுவார். "தப்புன்னா அடிச்சிடுங்க. உங்க மனசு, எனக்கு எப்பிடித் தெரியும்?" இதைக் கேட்டு டாக்டர்கள் சிரிக்கிறார்கள். மாத்திரை தேவைப்படுகிறவர்களை அவர்களிடம்தான் அனுப்புகிறார். அப்போது அவர்கள் சிரிப்பதில்லை.

போன ஐப்பசியில் வெற்றிவேல் வந்தான். தட்டாஞ்சாவடியில் லேத்துப் பட்டறை வேலை. கூடவே மனைவி செந்தமிழ்ச்செல்வி. ஐந்து மாதக் குழந்தை காய்ச்சலில் போனதிலிருந்து அவள் யாரிடமும் பேசுவதில்லை. வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. அன்று பேயோட்ட, ஊர்ப் பூசாரி சங்கிலியும் வேப்பங்கொத்துமாகக் காத்திருந்தார். அடித்தால் பேய்க்குத்தான் வலிக்குமாம், அவளுக்கு வலிக்காதாம். இந்த மருத்துவத்துக்கு எந்தக் கல்லூரியிலும் நுழைவுத்தேர்வு இல்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டில் ஆலோசகரைப் பார்க்கும்படி எழுதியிருந்தது. அதற்காக வந்தவன், பார்த்ததாக ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கிளம்பிவிடுவதாகச் சொல்லித் தேக்கு நாற்காலியில் சாய்ந்தான். ஆதிலட்சுமி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். அவளுக்குத்தான்."

ஆதிலட்சுமி பென்சிலைச் சீவத் தொடங்கினார். காத்திருப்பதில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. பாதிப் பென்சில் கரைந்த பிறகு, தானும் மூன்று மாதமாகத் தூங்கவில்லை என்றான் வெற்றிவேல். லேத்து இரைச்சலுக்குள்ளே குழந்தை அழுகிறதாம். இரண்டு தடவை மெஷினை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டானாம்.

அவர் எழுதி, படித்துக் காட்டினார். "சரியா எழுதியிருக்கனா?"

"சரிங்க மேடம்."

"அப்ப அமாவாசைக்கு உன்னயும் கட்டிப் போடுவாங்க இல்ல?"

சுவரோரத்திலிருந்து செந்தமிழ்ச்செல்வியின் குரல் வந்தது.

"எனக்கும் கேக்குது. அழுவுதேன்னுதான் தொட்டில ஆட்டுறேன்."

வெற்றிவேல் எழுந்தான். தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்து, அவள் நின்ற இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனான். "ஒக்காரு" என்றான். அவன் பெஞ்சுக்குப் போனான்.

ஆதிலட்சுமி ஸ்டூலை நகர்த்திக்கொண்டு அவளெதிரே வந்தார். பூசாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்து எந்த நாளில் வர விருப்பம் என்று அவளையே எழுதச் சொல்லி நோட்டை நீட்டினார். அவள் புருஷனை ஒருமுறை பார்த்தாள். பென்சிலை வாங்கி, ஒரே சொல் எழுதினாள்: அமாவாசை.

உங்கள் வீட்டிலும் சுவரோரம் ஒருத்தி நின்றுகொண்டிருக்கலாம். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து, அந்த நாற்காலியை அவள் பக்கம் நகர்த்துங்கள்.