மிச்சம் எட்டு கிராம்

உள்ளறையில் தாழ்ப்பாள் விழும் சத்தம் டக்கென்று கேட்டது. அடுப்படியில் விற்பனைக்கான முந்திரி மக்ரூன் இனிப்புக்காக முட்டை வெள்ளைக்கரு அடித்துக்கொண்டிருந்த ஜெபசெல்வியின் கை அப்படியே நின்றது. மகள் ஜெஸ்மி கதவை அடைத்துக்கொண்டாள் என்றால், வாசலில் வந்து நிற்பது யாரென்று கேட்க வேண்டியதே இல்லை.

"ஸ்தோத்திரம் அக்கா! வீட்ல இருக்கீங்களா?"

செந்தூர்வேல் சார்தான். தூத்துக்குடியில் பாதிப் பிள்ளைகள் வேதியியலுக்கு அவருடைய டியூஷன் சென்டர் வாசலில்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசியவர், வேதக்கார வீடு, கிறிஸ்தவ வீடு என்பதற்காக ஸ்தோத்திரம் சொல்கிறார். அந்தக் குழைவு ஜெபசெல்விக்குச் சகிக்கவில்லை. ஒதுக்கி வைத்திருந்த மஞ்சள்கரு வாளியின் கவுச்சியைக்கூட இதைவிடச் சகித்துக்கொள்ளலாம்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆப்பிள் பையையும் பட்டுச் சால்வையையும் டீப்பாயில் பரப்பியிருந்தார். பக்கத்தில் ஆறவைத்திருந்த தட்டிலிருந்து ஒரு மக்ரூன் ஏற்கெனவே அவர் வாய்க்குள் போயிருந்தது.

"பிள்ள கெமிஸ்ட்ரில சென்டம் வாங்கிட்டாளே! நம்ம சென்டருக்கே பெருமைல்லா!"

நம்ம சென்டர்! அந்தத் தாயின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. இதே வாய்தானே இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படிப் பேசியது?

ஜெஸ்மி அப்போது பிளஸ் ஒன். சாரின் சென்டரில் இரண்டு பிரிவு. நன்றாகப் படிப்பவர்களுக்கு ஏ பேட்ச், மற்றவர்களுக்கு பி பேட்ச். ஜெஸ்மி பி பேட்சில் இருந்தாள். முதல் பாடமே மோல் கணக்கு. கிராமை மோலார் நிறையால் வகுத்தால் மோல் என்று சார் போர்டில் எழுதிப் போட்டார், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மோல் என்றால் என்ன என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் ஜெஸ்மியைப் போர்டுக்கு அழைத்தார். இருபத்துநாலு கிராம் மக்னீசியம், இருபத்துநாலு கிராம் ஆக்சிஜன். எரித்தால் எத்தனை கிராம் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும்? சமன்பாட்டில் இரண்டு மக்னீசியத்துக்கு ஒரு ஆக்சிஜன் என்று இருந்தது. அவள் அதை அப்படியே கிராமாக எடுத்துக்கொண்டாள். இருபத்துநாலு கிராமுக்குப் பன்னிரண்டு கிராம், ஆக மொத்தம் முப்பத்தாறு என்று எழுதினாள்.

சார் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏளா, உங்கம்மா மக்ரூனுக்குச் சீனி அளக்க மாதிரி அளந்து வச்சிருக்க? நீ பி பேட்சுக்கே லாயக்கில்ல. என் ரிசல்ட்டக் கெடுக்கதுக்குன்னே வந்திருக்கியா?"

அடுத்த நாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று வீடு வந்த பிள்ளை, சட்டையின் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். "எம்மா, என் மேல முட்ட நாத்தம் அடிக்கா?" என்று கேட்டாள். சோப்புப் போட்டு முகத்தைத் தேய்த்தாள். தேய்த்த இடம் சிவந்த பிறகும் தேய்த்தாள். கையாலாகாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிமிஷத்தை ஜெபசெல்வி எப்படி மறப்பாள்?

அவளும் நாசரேத் ஊரில் பிளஸ் டூ படித்தவள்தான். மோலை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துத் தேறியவள். மகளோடு புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தபோது அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேரும் மாதக்கணக்கில் முட்டிமோதினார்கள்.

கிறிஸ்துமஸ் வந்தது. ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசிலிருந்து பரிசுப் பெட்டிகள் கேட்டார்கள். எத்தனை முடியுமோ அத்தனை பெட்டி. ஒரு பெட்டிக்கு இரண்டு பொட்டலம் மக்ரூன், ஒரு பிளம் கேக். பேக்கரியிலிருந்து பத்து கிலோ கேக் வந்து இறங்கியது. வீட்டில் மக்ரூன் ஆறு கிலோதான் இருந்தது.

"மக்ரூன்தான் கொறச்சலா கெடக்கு, அதுதான் மொதல்ல தீரும்" என்று பதறிய ஜெபசெல்வி, கை சளைக்கச் சளைக்க மறுபடியும் வெள்ளைக்கரு அடிக்கத் தொடங்கினாள். முன்கூடத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஜெஸ்மியின் குரல் கேட்டது.

"எம்மா, அடிக்காத. கேக்குதான் தீந்துட்டு!"

கேக் ஒவ்வொன்றும் அரைக் கிலோ. பத்து கிலோவுக்கு இருபதுதான் இருந்தது. மக்ரூன் பொட்டலம் நூறு கிராம். ஆறு கிலோவுக்கு அறுபது. இருபது பெட்டிக்கு நாற்பது பொட்டலம் போக, இருபது பொட்டலம் மிச்சம்.

அந்த மிச்சப் பொட்டலங்களைப் பார்த்தபடி ஜெஸ்மி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கிலோவப் பாத்து ஏமாந்துட்டோம்மா. பெட்டிக்குக் கிலோ தெரியாது, எண்ணிக்கதான் தெரியும். அந்த மக்னீசியக் கணக்கும் இதேதான்! அணுவக் கையில எண்ண முடியாது. அதனால நிறுத்துப் பாத்து எண்ணுதாங்க. மோலுங்கது எண்ணிக்கம்மா, எடை இல்ல!"

மக்ரூன் துகள் ஒட்டிய கையோடு பென்சிலை எடுத்தாள். ஒரு மோல் மக்னீசியம் இருபத்துநாலு கிராம். அப்படியானால் இருப்பது சரியாக ஒரு மோல். ஒரு மோல் ஆக்சிஜன் முப்பத்திரண்டு கிராம். இருப்பது முக்கால் மோல். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தேவைப்படுவது அரை மோல், அதாவது பதினாறு கிராம்தான். முதலில் தீர்ந்துபோவது மக்னீசியம். கிடைப்பது நாற்பது கிராம் ஆக்சைடு. எட்டு கிராம் ஆக்சிஜன் மிச்சம்.

"நாப்பதும் எட்டும் நாப்பத்தெட்டும்மா! ரெண்டு இருபத்துநாலும் சேந்தா நாப்பத்தெட்டுதான. சரியா வருது!"

தாயும் மகளும் அந்தக் கவுச்சிக்கு நடுவில் கட்டிக்கொண்டு அழுத அழுகையை யார் பார்த்தார்கள்? அதன் பிறகு ஜெஸ்மிக்கு டியூஷனே தேவைப்படவில்லை.

"இதப் பாருங்கக்கா." செந்தூர்வேல் சார் ஃபோனை நீட்டினார். ஒரு ஃபிளெக்ஸ் படம். ஜெஸ்மியின் பள்ளிக்கூடப் போட்டோவுக்குப் பக்கத்தில், அவளைவிட இரண்டு மடங்கு பெரிதாக சார் கைகட்டி நின்றார். 'முத்துநகரின் வேதியியல் முத்து! எங்கள் மாணவி!' என்று எழுதியிருந்தது. "நாளைக்கே ரவுண்டானாவுல ஏத்திருவோம். பிள்ள ஒரு சின்ன வீடியோ மட்டும் பேசிட்டாப் போதும். மோல் கணக்கு சார்தான் புரிய வச்சாங்கன்னு. நம்ம ஷாம் டென்த் முடிச்சிருக்கான்லா? அவனுக்கு ஏ பேட்ச்ல சீட்டு. ஃபீஸே வேண்டாம்."

மகன் ஷாம் கணக்கில் தட்டுத்தடுமாறி வந்தவன். ஏ பேட்ச் என்ற சொல் ஜெபசெல்வியின் மனசை ஒரு நொடி அசைத்துவிட்டது. அசைந்த மனசை நினைத்து அவளுக்கே கூசியது.

"ஆமா, பிள்ள மோல எங்க படிச்சா? எதிர் சென்டர்லயா?" என்று சார் மெல்லக் கேட்டார்.

அவள் கிறிஸ்துமஸ் பெட்டிக் கதையைச் சொன்னாள். பெருமை தாங்காமல்தான் சொன்னாள். கேட்டவர் விழுந்து விழுந்து சிரித்தார். மக்ரூன் துகள் மீசையிலிருந்து சால்வை மேல் உதிர்ந்தது.

"அட, இது நம்ம சரக்குல்லாக்கா! நான் ஒரு பெட்டிக்கு ரெண்டு சோப்பு ஒரு சீப்புன்னு சொல்லுவேன். ஏ பேட்சுக்கு மொத நாளே இதான் பாடம். அஞ்சு நிமிஷத்துல கப்புனு பிடிச்சிருவானுவ."

"பி பேட்சுக்கு?"

"அவங்களுக்கு எதுக்கு? ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணுனா பாஸாயிருவாங்க. எல்லாருக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டா ஏ பேட்சுக்கு எவன் வருவான்? பி பேட்ச்னாலே மிச்சந்தானக்கா." சொல்லிக்கொண்டே இன்னொரு மக்ரூனுக்குக் கை நீட்டினார்.

ஐந்து நிமிஷம்! தெரியாமல் விட்டிருந்தால்கூட மன்னித்திருப்பாள். தெரிந்தே, எண்ணி எண்ணிப் பார்த்து ஒளித்து வைத்திருக்கிறான் இந்த மனுஷன். சிவக்கச் சிவக்கத் தேய்த்த அந்தப் பிஞ்சு முகம் கண் முன்னால் வந்து நின்றது. அழுகிய முட்டையைத் தெரியாமல் உடைத்துவிட்டால் வீடெல்லாம் நாற்றம் பரவுமே, அப்படியொரு அருவருப்பு. நாளைக்கு ஷாம் ஏ பேட்சில் உட்காருவான். அந்த ஐந்து நிமிஷம் அவனுக்குக் கிடைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு தாயின் பிள்ளை நின்று திட்டு வாங்கும். அந்தப் பிள்ளைக்கு ஆசை காட்ட ரவுண்டானாவில் ஜெஸ்மியின் முகமா? ச்சீ!

தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"படத்த அழிங்க சார்."

"என்னக்கா?"

"எம்பிள்ள முகம் உங்க போர்டுல ஏறக்கூடாது. ஷாமும் வரமாட்டான்."

சாரின் குழைவு எங்கேயோ போய்விட்டது. "யோசிச்சுப் பேசுங்க. அவன் மார்க்குக்கு வேற எவன் சேப்பான்? பிளஸ் ஒன்ல மூழ்கிருவான், பாத்துக்கிடுங்க."

"எங்க வீட்ல ரெண்டு பேருக்கு மோல் தெரியும். நாங்க சொல்லிக் குடுத்துக்கிடுதோம்."

உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஜெஸ்மியின் குரல் வந்தது. "எம்மா, ஒன் கண்ணு முன்னாடி அழிக்கச் சொல்லு. ரீசைக்கிள் பின்லயும் கெடக்கும், அதையும் பாரு."

செந்தூர்வேல் சார் முகம் கறுத்து, இரண்டு இடத்திலும் அழித்தார். ஆப்பிள் பையை ஜெபசெல்வியே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சால்வையை விரல் நுனியால் தூக்கி, துகளை உதறி, பைக்கு மேலே போட்டாள்.

"ரொம்பத்தான் திமிரு" என்று முனகிக்கொண்டே அவர் படியிறங்கினார்.

உப்புக் காற்றில் ஊறி உப்பிய அந்த வாசல் கதவு ஒரு கையால் தள்ளினால் சாத்தாது. ஜெபசெல்வி தோளைக் கொடுத்து, முழுப் பலத்தோடு தள்ளிச் சாத்தினாள்.