ஆனியோடு முடிந்த அடிமனைக் கெடு

எங்கள் வீட்டில் சுவர் எங்களுடையது. ஓடு, உத்தரம், நிலைக்கதவு, கொல்லையில் நின்ற முருங்கை எல்லாம் எங்களுடையது. கீழே இருந்த மண் மட்டும் வேறொருவருடையது. நாமக்கல் பக்கத்து நெசவாளர் தெருவில் அன்று எங்களைப் போல நிறையப் பேர் குடியிருந்தோம். அடிமனையை இத்தனை வருஷம் என்று கெடு வைத்துக் குத்தகைக்கு வாங்கி, மேலே நாங்களே கட்டிக்கொள்வது. கெடு முடிந்து நிலத்துக்காரர் நீட்டித்துத் தராவிட்டால் ஓட்டையும் மரத்தையும் கழற்றிக்கொண்டு காலி செய்ய வேண்டும். சுவரை யார் தூக்கிக்கொண்டு போக முடியும்? அது அவருக்கு.

என் மாமனார் வாங்கிய கெடு, அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஓர் ஆனிக் கடைசியில் முடிவதாக இருந்தது. மேட்டூரில் அணை எழுந்துகொண்டிருந்த சமயம். எங்கள் தெருமுனையில் மோட்டார் பஸ் வந்து நிற்க ஆரம்பித்திருந்தது. ரோட்டைப் பார்த்த மனையில் கடை கட்டினால் கொழுத்த வாடகை வரும் என்று ஊரே பேசியது. எங்களுடையது ரோட்டைப் பார்த்த மனை. எனக்கு வைகாசியிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை.

"ஏனுங்க, போயி ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாங்க" என்று என் வீட்டுக்காரரை நச்சரித்தேன்.

"தறியில பாவு கெடக்குது. எறங்கட்டும், போறேன்" என்றார்.

தறியில் ஏற்றிய பாவு நூலை நெய்து முடிக்காமல் எங்கள் ஆட்கள் வேறு காரியத்துக்கு எழுந்திருக்க மாட்டார்கள். வானமே இடிந்து விழுந்தாலும் பாவு இறங்க வேண்டும். வீடே போகப்போகிறது, இந்த மனுஷனுக்குச் சேலை முடியவேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாவு இறங்கி அவர் போனபோது ஆனியும் இறங்கிவிட்டது. "ஆடி பொறக்கப்போவுது. ஆடியில யாராச்சும் பத்திரம் எழுதுவாங்களா? ஆவணி வரட்டும், பாத்துக்கலாம்" என்று நிலத்துக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார். இவர் சிரித்த முகமாகத் திரும்பி வந்தார்.

"எழுதித் தாரேன்னு சொன்னாருங்களா, பாத்துக்கலாம்னு சொன்னாருங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான?"

மண்ணாங்கட்டி என்று வாய்வரை வந்தது. மென்று விழுங்கினேன்.

ஆடி பிறந்தது. கெடு இல்லாத வீட்டில் குடியிருந்தோம். மனை வாடகையைக் கொண்டுபோனால், ஆவணியில் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று நிலத்துக்காரர் கைநீட்ட மறுத்துவிட்டார். வாங்கினால் நாங்கள் குடியிருப்பதை ஒத்துக்கொண்டதாகிவிடுமே, அதனால்தான் என்று எனக்குப் பட்டது. ஆடிக் காற்றில் ஓடு சடசடத்தால் யாரோ மேலே ஏறிக் கழற்றுகிறார்கள் என்று வாசலுக்கு ஓடினேன். உலையில் அரிசி போட்டேனா என்பது மறந்தது. மகளை எதற்கென்று தெரியாமல் அதட்டினேன்.

ஆடிப்பெருக்கு வந்தது. தெருவே வண்டி கட்டிக்கொண்டு மோகனூருக்குக் காவேரியில் முழுகக் கிளம்பியது. நான் வரவில்லை என்றேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், பூட்டின் மேல் நிலத்துக்காரர் ஒரு பூட்டுப் போட்டால் என்ன செய்வது?

"தாலிக்கயிறு மாத்தற நாளு, ஆத்துக்கு வரமாட்டேங்கறியே" என்று இவர் கெஞ்சினார்.

"கெணத்தடியில மாத்திக்கறேன். புள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

மகளைக் கூட்டிக்கொண்டு போனார். தெரு வெறிச்சோடியது. வெயில் ஏறிய பிறகு வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நிலத்துக்காரர் நின்றிருந்தார். கூட ஒரு கொத்து மேஸ்திரி, கையில் நூல் கயிறும் முளைக்குச்சியும். எல்லோரும் ஆற்றுக்குப் போயிருப்பார்கள் என்று பார்த்து வந்திருக்கிறார்கள். வாசற்படியில் போய் நின்றேன்.

"என்னங்கய்யா, அளக்கறீங்களா?"

"சும்மா அம்மிணி. கடை கட்டுனா எத்தனை வரும்னு ஒரு கணக்குக்கு" என்றார், என் முகத்தைப் பாராமல்.

அவ்வளவு நாள் அடக்கியதெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. கத்தவில்லை. "ஆடியில பத்திரம் எழுதக்கூடாதுன்னு சொன்னீங்க. ஒத்துக்கிட்டோம். ஆடியில மனைக்கு முளை மட்டும் அடிக்கலாமுங்களா? எங்களுக்கு ஒரு ஆடி, உங்களுக்கு ஒரு ஆடியா?"

அவர் வாய் திறப்பதற்கு முன் மேஸ்திரி கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். "ஆடியில முளை அடிச்சா என்ற குடும்பத்துக்கு ஆகாதுங்க. ஆவணியில வாரனுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். "உன்ற வாய்க்குப் பயந்தே குடுத்தாகணும் போல" என்று முணுமுணுத்துவிட்டு நிலத்துக்காரர் வண்டியில் ஏறினார். கோபத்தில் சொன்னாரா, சம்மதத்தில் சொன்னாரா என்று தெரியாமல் மிச்ச ஆடியையும் நெருப்பின் மேல் நின்று கழித்தேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் இவர் நிலத்துக்காரரைப் பார்க்கப் போனார், பாவைத் தறியிலேயே பாதியில் விட்டுவிட்டு. மதியம் வந்து, "கெளம்பு. ரேகை வெக்கோணும்" என்றார். நீட்டித்துத் தர ஒத்துக்கொண்டாராம், பத்து வருஷம். என் எதிரில் சொன்ன பேச்சை மாற்ற நிலத்துக்காரருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

"என்ற ரேகை எதுக்குங்க?"

"உன்ற பேர்லதான் எழுதச் சொன்னேன். அன்னிக்கு நான் ஆத்துல முழுகிட்டு இருந்தேன். வாசல்ல நின்னவ நீ."

அந்த ஆடி முழுக்க அழாதவள், அவர் எதிரில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

பத்திரம் எழுதுகிறவர், கெடு முடிகிற மாதம் ஆனிதானே என்று கேட்டார். "தைன்னு போடுங்க. இன்னொரு ஆடியை என்னால தாங்க முடியாது" என்றேன். நிலத்துக்காரர் திகைத்துப்போய், பெண்பிள்ளை பேச்சுக்கு என்ன சொல்கிறாய் என்பதுபோல என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"என்னயப் பாக்காதீங்க" என்றார் இவர். "ஊடு அவளுதுங்க."