நோயலின் கைராசி

நோயல் ஊசி போட்டால் எறும்பு கடித்த அளவுகூட வலிக்காதாம். பால்காரிக்கு அவள் நாத்தனார் சொன்னது அது. பால்காரி பிரிஜெட்டிடம் சொன்னாள். பிரிஜெட் அதைச் சோற்றோடு சேர்த்துப் புருஷன் ரெமிஜியஸுக்குப் பரிமாறினாள்.

"உங்க கை கடப்பாரையாமே?" என்று சிரித்தாள். அன்றைக்கு அவருக்கு ரசம் இறங்கவில்லை.

ஒக்கலிபுரத்துப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் காயம் கட்டி ஊசி போடும் டிரெஸ்ஸர் ரெமிஜியஸ். நாய்க்கடி அறை அவருடையது. வாலிபத்தில், கடிபட்டவர்களை ரயிலேற்றி, நாய்க்கடி மருந்து அப்போது கிடைத்த குன்னூருக்கு அழைத்துப்போய், இரண்டு வாரம் கூடவே கிடந்து திரும்பக் கொண்டுவந்தவர். பிறகு மருந்தே பெங்களூருக்கு வரத் தொடங்கியது. வயிற்றில் ஊசி, ஒருநாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம், பதினான்கு நாள். கடித்த நாய்க்கு வெறி பிடிக்கிறதா என்று பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொல்வார். ஒருவர் ஒருநாள் வராவிட்டால் அன்று சாயங்காலமே பியூனிடம் சீட்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார். இத்தனை வருஷத்தில் அந்தச் சீட்டு ஒருநாளும் தவறியதில்லை.

போன வருஷம்தான் அதே அறைக்கு இன்னொரு டிரெஸ்ஸராக நோயல் வந்தான். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மருந்துப் புட்டியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஊர்க்கதை பேசுவான். குளிர் விட்ட பிறகு ஊசியில் ஏற்றுவான். வித்தை அவ்வளவுதான். ரெமிஜியஸுக்கு அது முதல் வாரமே தெரிந்துவிட்டது. தானும் செய்யலாம். செய்தால் அவனைப் பார்த்துச் செய்ததாகிவிடுமே என்று செய்யவில்லை. நோயலின் பெஞ்சு நிறைந்திருக்க, தன் பெஞ்சில் ஈ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு பஞ்சு உருட்டினார்.

ஜீவனஹள்ளி நோரா டீச்சரை அவர் வீட்டு நாயே மணிக்கட்டில் கடித்திருந்தது. ஐந்து ஊசி நோயல் போட்டான். ஆறாம் நாள் அவன் தங்கை கல்யாணத்துக்கு அத்திபெலே போய்விட்டான். டீச்சர் வாசலிலேயே நின்றார்.

"நோயல் இல்லீங்களா?"

"லீவு. வாங்க, நான் போடறேன்."

டீச்சர் ரெமிஜியஸின் கையைப் பார்த்தார். "பரவால்ல. அவர் வந்ததும் வரேனே. நாய் நல்லாத்தான் சாப்பிடுது."

ஒருநாள்கூட விடக்கூடாது என்று சொல்ல வாய் திறந்தவர், "உங்க இஷ்டம் டீச்சர்" என்றார்.

அன்று சீட்டு போகவில்லை. நோயலின் ஆள், நோயலின் பாடு. மறுநாளும் போகவில்லை. இனி ஊரெல்லாம் அவன் கைராசியைப் பேசட்டும் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடியது, அது இனித்தது.

மூன்றாம் நாள் பிற்பகல், தெருநாய் பிடிக்கும் நாய்வண்டிக்கார ஷங்கர் வந்து கதவில் சாய்ந்தான். ஜீவனஹள்ளியில் ஒரு டீச்சரம்மா வீட்டு நாய் வாயில் நுரை தள்ளி, நேற்றுச் செத்துப்போனதாம், தோட்டத்திலேயே புதைத்துவிட்டார்களாம்.

ரெமிஜியஸ் பஞ்சை வீசிவிட்டு எழுந்தார். ஷங்கரை அப்போதே ஒரு ஜட்காவில் ஏற்றி, டீச்சர் வீட்டில் இருந்தால் கூட்டிவரச் சொல்லி அனுப்பினார். பிறகு டாக்டர் அறைக்கு ஓடி, டெலிபோனை எடுத்துப் பள்ளிக்கூடத்து நம்பரைக் கேட்டார். பள்ளி விடும் நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். டீச்சர் இன்னும் கிளம்பியிருக்கமாட்டார். கூப்பிட்டால் வருவாரா? கடப்பாரைக் கைக்கு வரமாட்டார். நோயல் வந்துவிட்டான் என்று பொய் சொன்னால் ஓடிவருவார். அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவது என்று முடிவு செய்தார். வந்த பிறகு, மருந்தைத் தன் உள்ளங்கையில் பொத்திவைத்துச் சூடாக்கிப் போடலாம். இரண்டு நாள் சீட்டு அனுப்பாதது தன் குற்றம் என்று அப்போது சொல்லிவிடலாம்.

"மணி அடிக்குது சார், யாரும் எடுக்கல" என்றாள் எக்ஸ்சேஞ்சுப் பெண்.

"விடாதீங்கம்மா. அடிக்கட்டும்."

அடித்துக்கொண்டே இருந்தது.