டேங்குக்கு ஒரு சட்டை

தையற்காரம்மா மோட்டார் சைக்கிளில் காற்றையே முந்தினாள். கொஞ்சம் மிகைதான், அன்று காற்றே வீசவில்லை.

ஐம்பது வயதில் ஓட்டப் பழகியவள், பழைய வண்டியொன்றை வாங்கி, கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, டேங்குக்கு அளவெடுத்துக் கச்சிதமாக உறையும் தைத்துப் போட்டாள். தன் தையற்கடைவரை தனியாக ஓட்டிக் காட்டாவிட்டால் வண்டியை விற்றுவிடுவதாகக் கணவரிடம் வீறாப்புப் பேசியிருந்தாள். பாதித் தெருவிலேயே வண்டி நின்றது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தது.

மெக்கானிக் வந்து உறையைத் தடவிப் பார்த்தார். “அக்கா, அளவெடுக்குறப்ப மூடின பெட்ரோல் டேப்பைத் திறக்காமலே சட்டையை மாட்டிட்டீங்களே! கார்புரேட்டர்ல மிச்சமிருந்த பெட்ரோல்லதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு.”

கத்தரியால் உறையில் துளை போட்டு, டேப்பைத் திறந்தாள். வண்டி உறுமியது. கடை வாசலில்தான் நிறுத்தினாள்.

நான் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் குறுக்கிட்டார். “காத்தை இல்லீங்க, என்னைத்தான் முந்தினா. விழுந்துடுவாளோன்னு கூடவே ஓடினேன். அதுவும் நூலிழையிலதான் முந்தினா.”